ஒளிரும் சாயத்தின் துணையோடு மார்பக அறுவை சிகிச்சை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு தென்னாப்பிரிக்காவில் நேட்டாலிலிருந்தும் ஜோகன்னஸ்பர்க் பக்கமிருந்தும் எழுதிய வாசகர்கள் பலர், அறுவை மேசையிலேயே நோயை ஒளிர வைத்துக் காட்டும் புதிய முறையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஒரே கேள்வி பல கடிதங்களில் வந்திருப்பதால் சிலவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

சாட்ஸ்வொர்த் வாசகி: டாக்டர் அம்மா, என் தங்கைக்கு இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி இருக்கிறது. மார்பை முழுவதும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். புற்றுநோயை ஒளிரச் செய்து, அதைப் பார்த்துக்கொண்டே அறுக்கும் முறை வந்துவிட்டதாக என் மகன் இணையத்தில் படித்துச் சொன்னான். அந்த ஒளி நோயைச் சுட்டுப் பொசுக்கிவிடுமா? அது எப்படி வேலை செய்கிறது?

பதில்: சகோதரி, அந்த ஒளி நோயைச் சுடுவதும் இல்லை, கரைப்பதும் இல்லை. வெறுங்கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. வெட்டி எடுப்பது வழக்கம்போல அறுவை மருத்துவரின் கைதான். ஒளியைக் கொண்டு உயிரணுக்களை அழிக்கும் சிகிச்சை ஒன்று தனியே உண்டு. இணையத்தில் பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

சில பொருள்கள் ஒரு வகை ஒளியை உள்வாங்கிக்கொண்டு, அதைவிட ஆற்றல் சற்றுக் குறைந்த வேறொரு வகை ஒளியாக வெளிவிடும். வீட்டிலிருக்கும் மஞ்சள் தூளில் ஒரு சிட்டிகையை ஸ்பிரிட்டில் கரைத்து, கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கின் கீழே பிடித்தால், கரைசல் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்வதைக் காணலாம். விளக்கை அணைத்த உடனே அந்த ஒளியும் அணைந்துவிடும். இதே இயல்பைத்தான் அறுவை அரங்கில் பயன்படுத்துகிறார்கள். இந்த எண்ணம் புதியதும் அல்ல. 1940களிலேயே அமெரிக்காவில் ஜார்ஜ் மூர் என்ற அறுவை மருத்துவர், ஃப்ளோரெசீன் என்னும் சாயத்தைச் செலுத்தி மூளைக் கட்டிகளை அடையாளம் காண முயன்றார்.

இன்று மார்பக அறுவை சிகிச்சையில் பெரிதும் பயன்படுவது இண்டோசயனின் கிரீன் என்னும் பச்சைச் சாயம்; மருத்துவர்கள் ஐசிஜி என்று சுருக்கிச் சொல்வார்கள். 1959ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்கு அனுமதி அளித்துவிட்டது. கல்லீரலும் இதயமும் எப்படி வேலை செய்கின்றன என்று அளக்கவும், பிறகு கண்ணின் இரத்தக் குழாய்களைப் படமெடுக்கவும் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வந்த பழைய மருந்து இது. ஏறத்தாழ 800 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை உள்வாங்கி, 830 நானோமீட்டரை ஒட்டிய ஒளியாக வெளிவிடுவது இதன் தனிச்சிறப்பு. கண்ணுக்குப் புலப்படும் ஒளியை இரத்தத்தின் சிவப்பு நிறமி விழுங்கிவிடும்; ஆனால் 700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அண்மை அகச்சிவப்பு ஒளி, தோலையும் கொழுப்பையும் ஓரளவு ஊடுருவி வெளியே வரும். ஓரளவு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீழே போனால் படம் மங்கிவிடும். ஆகவே வெளியிலிருந்து விளக்கைக் காட்டி மார்பின் அடியாழம் வரை பார்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

இதை மனிதக் கண்ணால் நேரடியாகக் காண முடியாது என்பதால் தனிக் கேமரா ஒன்று வேண்டும். அறுவை அரங்கின் மேல்விளக்குகளிலும் அகச்சிவப்பு ஒளி கலந்திருக்கும். அது படத்தைக் கெடுத்துவிடும் என்பதால், அந்த விளக்குகளைத் திருப்பிவிட்டோ அணைத்தோதான் கேமராவை நோயாளியின் மேல் கொண்டுவருவார்கள்.

இன்னொன்றையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஐசிஜி புற்றுநோயைத் தேடிச் செல்லும் மருந்து அல்ல. இரத்தத்தில் செலுத்தினால் இரத்தம் போகும் இடமெல்லாம் போகும்; தோலுக்கடியில் செலுத்தினால், திசுக்களிலிருந்து வடியும் தெளிந்த நீரான நிணநீர் போகும் வழியில் போகும். புற்றுநோய் இருக்கும் இடத்தில் மட்டும் ஒளிரும்படி வடிவமைத்த மருந்துகள் வேறு வகை. அவற்றில் ஒன்றைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன். உங்கள் மகன் படித்தது அந்த இரண்டாவது வகையைப் பற்றியதாக இருக்கும்.

உங்கள் தங்கைக்குக் கட்டியை மட்டும் எடுக்கிறார்களே, அது அரைகுறைச் சிகிச்சையோ என்ற கவலை உங்கள் கடிதத்தின் வரிகளுக்கிடையே தெரிகிறது. அந்தக் கவலை வேண்டாம். இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்தோ வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் தனித்தனியே நடத்திய பெரிய ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002இல் வெளிவந்தன. கட்டியை மட்டும் எடுத்துக் கதிரியக்கச் சிகிச்சை பெற்ற பெண்களும் மார்பை முழுவதும் எடுத்துக்கொண்ட பெண்களும் உயிர்வாழ்வதில் வேறுபாடு இல்லை என்று அவை காட்டின. கதிரியக்கச் சிகிச்சை இதில் பிரிக்க முடியாத பாதி. மருத்துவர் சொன்னால், தொலைவையோ அலைச்சலையோ காரணம் காட்டித் தங்கை அதை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: என் மனைவிக்குக் கட்டியை எடுத்துப் பத்து நாள் கழித்து, ஓரம் சுத்தமாக இல்லை, மறுபடியும் அறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் மிகவும் உடைந்துபோனாள். முதலிலேயே சரியாக எடுக்காமல் விட்டது மருத்துவரின் தவறா? இந்த ஒளி முறை இருந்திருந்தால் இரண்டாவது அறுவையைத் தவிர்த்திருக்கலாமா?

பதில்: ஐயா, உங்கள் மனைவியின் மனநிலை எனக்குப் புரிகிறது. முதல் அறுவையின் புண் ஆறுவதற்குள் இரண்டாவது தேதியைக் குறிக்கும்போது, நோய் பரவிவிட்டது போலும் என்று பெண்கள் நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. மறு அறுவை என்பது நோய் முற்றிவிட்டது என்ற செய்தி அல்ல என்பதை அவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். கட்டியை மட்டும் எடுக்கும் பெண்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு மறு அறுவைக்கு உள்ளாவது நல்ல மருத்துவமனைகளிலும் நடப்பதுதான்.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிய வேண்டுமானால், எடுத்த கட்டிக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அறுவை மருத்துவர் கட்டியைச் சுற்றிலும் நல்ல திசுவோடு சேர்த்து எடுத்து, உடலில் அது இருந்த திசை மாறிவிடாமல் இருக்க நூல் கட்டி அனுப்புவார். குட்டை நூல் மேல்பக்கம், நீள நூல் வெளிப்பக்கம் என்பது பல இடங்களில் வழக்கம். நோய்க்கூறு ஆய்வகத்தில் அந்தத் துண்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு நிற மையைப் பூசுவார்கள். பிறகு ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் மூன்று நான்கு பங்கு கனமே உள்ள சீவல்களாகச் சீவி, நுண்ணோக்கியின் கீழே பார்ப்பார்கள். மையின் மேலேயே புற்றணு தென்பட்டால், வெட்டிய கோடு நோயின் ஊடே போயிருக்கிறது என்று பொருள். அதாவது, மறுபுறத்தில், உடலுக்குள், இன்னும் கொஞ்சம் இருக்கக்கூடும். பால்நாளத்தைத் தாண்டிச் சுற்றியுள்ள திசுவுக்குள் ஊடுருவும் வகைப் புற்றுநோய்க்கு மையின் மேல் புற்றணு இல்லாமல் இருந்தாலே போதும் என்பது அமெரிக்க அறுவைப் புற்றுநோயியல் சங்கமும் கதிரியக்கப் புற்றுநோயியல் சங்கமும் 2014இல் சேர்ந்து வகுத்த நெறி. பால்நாளங்களுக்குள்ளேயே அடங்கியிருக்கும் ஆரம்ப வகைக்கு 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று 2016இல் சொன்னார்கள்.

இந்த ஆரம்ப வகைதான் பெரும்பாலும் சிக்கலைத் தருகிறது. கையில் தட்டுப்படும் கட்டியின் எல்லையை விரலால் உணரலாம். ஆனால் பால்நாளத்தின் உட்புறமாகவே ஊர்ந்து செல்லும் நோய் கையிலும் தட்டுப்படாது, கண்ணிலும் படாது; மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரேயிலும் ஒரு பகுதியே தெரியலாம். அனுபவம் மிக்க மருத்துவர் மிகக் கவனமாக அறுத்தாலும் ஓரம் பட்டுவிடுவது இதனால்தான். ஆகவே இதை மருத்துவரின் தவறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பெகுலிசியானின் என்ற மருந்தும், அதனுடன் சேர்ந்து இயங்கும் கைக்கருவியும் 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி பெற்றன; மருந்தின் வணிகப் பெயர் லுமிசைட். இது உடலுக்குள் போகும்போது ஒளிராத நிலையிலேயே போகிறது. ஒளிரும் பகுதியும் அந்த ஒளியை அமுக்கி வைக்கும் பகுதியும் ஒரு சிறு புரத இழையால் இணைந்திருக்கின்றன. கட்டியிலும் அதன் ஓரங்களிலும் மிகுதியாகச் சுரக்கும் சில நொதிகள் அந்த இழையை அறுத்துவிட, அமுங்கியிருந்த ஒளி விடுபடுகிறது. அறுவைக்கு 2 முதல் 6 மணி நேரம் முன்பு இரத்தக் குழாய் வழியாக ஊசியில் செலுத்துவார்கள். மருத்துவர் முதலில் வழக்கம்போலக் கட்டியை எடுத்துவிடுவார். பிறகு அந்தக் குழிக்குள் கைக்கருவியின் முனையை வைத்து ஒவ்வொரு சுவராகப் பார்ப்பார். ஒளிரும் பகுதியைத் திரையில் வண்ணமிட்டுக் காட்டும். அந்தச் சுவரில் இன்னொரு மெல்லிய படலத்தைச் சீவி எடுப்பார்.

கேட்க மிக நன்றாக இருக்கிறது. ஆனால் எண்களைப் பார்த்துவிட்டுத்தான் நம்பிக்கை வைக்க வேண்டும். அமெரிக்காவில் 14 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. ஒளியின் துணையோடு அறுவை செய்துகொண்ட 357 பெண்களில் 27 பேரிடம், அதாவது நூற்றுக்கு ஏழெட்டுப் பேரிடம், வழக்கமான அறுவை முடிந்த பின்னும் மிஞ்சியிருந்த புற்றுநோயை இந்தக் கருவி கண்டுபிடித்து எடுக்க உதவியது. ஓரம் சுத்தமில்லாமல் இருந்த 62 பேரில் 9 பேர் மறு அறுவையிலிருந்து தப்பினார்கள். மீதி 53 பேருக்கு இந்தக் கருவியால் அந்த நன்மை கிடைக்கவில்லை. நோய் உண்மையாகவே மிஞ்சியிருந்த இடங்களில் ஏறத்தாழப் பாதியைத்தான் ஒளி காட்டிக்கொடுத்தது. நோய் இல்லாத இடங்களில் நூற்றுக்குப் பதினைந்து அளவுக்கு வீணாகவும் ஒளிர்ந்தது. அந்த இடங்களில் நல்ல திசுவையே சீவ நேரும்.

ஆகவே, இருந்திருந்தால் கட்டாயம் தவிர்த்திருக்கலாம் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். தவிர்த்திருக்க ஒரு வாய்ப்பு இருந்திருக்கும், அவ்வளவே. ஒளி காட்டவில்லை என்பதற்காக நோயில்லை என்று எந்த மருத்துவரும் முடிவு கட்டுவதில்லை. ஓரத்தைப் பற்றிய இறுதித் தீர்ப்பு இன்றும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருக்கும் நோய்க்கூறு நிபுணருடையதுதான்.

ஒளியே இல்லாமல் இந்தச் சிக்கலைக் குறைக்கும் எளிய வழி ஒன்று இருக்கிறது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். கட்டியை எடுத்தபின் குழியின் சுவர்கள் எல்லாவற்றிலும் ஒரு மெல்லிய படலத்தைக் கூடுதலாகச் சீவி எடுப்பதே அது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிச் செய்தவர்களுள் மறு அறுவைக்குப் போனவர்கள் 10 சதவீதம், செய்யாதவர்களுள் 21 சதவீதம். இதற்குப் புதிய மருந்தும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். ஒளிரும் கருவிகளைப் பற்றி எழுதும் பத்திரிகைகள் இதைப் பற்றி எழுதுவதே இல்லை என்பது எனக்கு வருத்தம். எடுத்த துண்டை அரங்கிலேயே எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும் உதவும். அறுவைக்கு முன்னால் இவ்விரண்டையும் பற்றி மருத்துவரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

டொங்காட் வாசகி: என் அம்மாவுக்கு அக்குளில் உள்ள நெறிக்கட்டுகளில் (நிணநீர் முடிச்சுகளில்) ஒன்றிரண்டை மட்டும் எடுத்துச் சோதிக்கப் போகிறார்கள். அதற்காகப் பச்சைச் சாயம் செலுத்தப்போவதாகச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு நீலச் சாயம் போட்டு மார்பில் மாதக்கணக்கில் நீலம் படிந்திருந்தது. பச்சை எப்படி? நெறிக்கட்டு ஒளிர்ந்தால் நோய் பரவியிருக்கிறது என்று அர்த்தமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், மகளே. இல்லை, ஒளிர்வதற்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை. மார்பிலிருந்து வடியும் நிணநீர் அக்குளில் எந்த நெறிக்கட்டை முதலில் சென்றடைகிறது என்று காட்டுவதுதான் சாயத்தின் வேலை. நோய் பரவுவதானால் பெரும்பாலும் முதலில் அங்கேதான் போயிருக்கும் என்பதால் அதை எடுத்துச் சோதிக்கிறார்கள். அதில் நோய் இல்லையென்றால் அக்குளை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. முன்பு எல்லாருக்கும் முழுவதும் எடுத்தார்கள். அதனால் ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்கிப்போனது. ஒன்றிரண்டை மட்டும் எடுப்பவர்களிடம் அந்த வீக்கம் மிகக் குறைவு. சமைப்பதும் துணி துவைப்பதும் பேரப்பிள்ளைகளைத் தூக்குவதும் அந்தக் கையால்தானே!

இந்த முதல் நெறிக்கட்டைக் கண்டுபிடிக்க 1990களிலிருந்து இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நீலச் சாயம். மற்றொன்று டெக்னீஷியம் என்னும் மெல்லிய கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, ஒலியெழுப்பும் கருவியால் தேடுவது. 2005இல் ஜப்பானிய மருத்துவர்கள் இதே வேலைக்கு ஐசிஜியைப் பயன்படுத்திக் காட்டினார்கள். இப்போது அது கதிரியக்க முறைக்கு இணையாகக் கண்டுபிடிப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன.

அறுவை அரங்கில் இதைப் பார்ப்பவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். அம்மாவுக்கு மயக்கம் கொடுத்தபின் மார்புக் காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் ஓரத்தில் ஊசியால் சிறிது சாயத்தைச் செலுத்தி, மெதுவாக நீவிவிடுவார்கள். விளக்கைத் தணித்துக் கேமராவைக் காட்டியதும், தோலை அறுக்கும் முன்பே, திரையில் ஒரு மெல்லிய வெண்கோடு கருவளையத்திலிருந்து புறப்பட்டு அக்குளை நோக்கி நகர்வது தெரியும். நீவ நீவ அது முன்னேறும். அக்குளின் ஓரத்தில் கோடு ஆழத்தில் இறங்கி மறையும் இடத்தில் மருத்துவர் பேனாவால் குறியிட்டு, அங்கேதான் சிறிதாக அறுப்பார். பருமனானவர்களுக்குக் கொழுப்பு மிகுதியாக இருப்பதால் தோலின் மேலிருந்து கோடு தெளிவாகத் தெரியாமல் போகலாம். உள்ளே திறந்தபின் தெரியும். வழியில் நிணநீர்க் குழாய் அறுபட்டுவிட்டால் சாயம் கசிந்து அந்த இடமெல்லாம் ஒளிர்ந்து குழப்பும். அதனால்தான் பல மருத்துவர்கள் ஒரு முறையை மட்டும் நம்பாமல் இரண்டைச் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள்.

எனக்கு இந்த முறையின் மேல் தனி மதிப்பு உண்டு. டெக்னீஷியத்தின் வீரியம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதைக் கையாள அணு மருத்துவப் பிரிவு வேண்டும். அந்தப் பிரிவு பெரு நகரங்களின் பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கும். ஐசிஜியோ சிறு குப்பியில் தூளாக வருகிறது; தண்ணீர் விட்டுக் கரைத்துக்கொள்ளலாம். டர்பனிலிருந்து தொலைவில் உள்ள மருத்துவமனையில் கேமரா ஒன்று மட்டும் இருந்தால், அங்குள்ள பெண்ணுக்கும் அக்குளைக் காப்பாற்றிக்கொடுக்கலாம்.

பச்சை படியுமா என்று கேட்டீர்கள். ஊசி போட்ட இடத்தில் சிறிது பச்சை இருந்து மறைந்துவிடும். நீலத்தைப் போல மாதக்கணக்கில் நிற்பதில்லை. நீலச் சாயம் போட்டவர்களுக்குச் சிறுநீர் ஓரிரு நாள் நீலப்பச்சையாகப் போவதும் இயல்பே. அதைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம்.

ஃபீனிக்ஸ் வாசகர்: என் பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் உண்டு. இறால், நண்டு சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். இந்தச் சாயங்களில் அயோடின் இருக்கிறதாமே, ஆபத்தா?

பதில்: ஐசிஜி சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுவதில்லை. இரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு கல்லீரலுக்குச் சென்று பித்தத்தோடு வெளியேறிவிடும். இரத்தத்தில் அதன் அளவு மூன்று நான்கு நிமிடங்களில் பாதியாகிவிடும். சர்க்கரை நோயும் இதற்குத் தடையில்லை.

இறால், நண்டு ஒவ்வாமைக்குக் காரணம் அவற்றின் தசையிலுள்ள ஒரு புரதம், அயோடின் அல்ல. நம் குடும்பங்களில் பலர், ஏன், செவிலியர் சிலரும்கூட, இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் ஐசிஜி குப்பியில் சோடியம் அயோடைடு சிறிதளவு கலந்திருப்பது உண்மை. ஆகவே, அயோடின் கலந்த மருந்துக்கோ ஸ்கேன் எடுக்கும்போது போடும் ஊசிக்கோ முன்பு ஒவ்வாமை வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தைராய்டு கோளாறு இருந்தாலும் சொல்ல வேண்டும்.

நீலச் சாயங்களைப் பற்றி இதைவிடக் கவனம் தேவை. அரிதாக என்றாலும் கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை அவை. மெத்திலீன் நீலத்தைப் பயன்படுத்துவதாக இருந்தால், பெரியம்மா மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதை மயக்க மருத்துவர் அறிந்திருக்க வேண்டும். அந்த மாத்திரைகளில் பல இதனோடு சேர்ந்தால் ஆபத்தை விளைவிக்கும். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் இது ஆகாது. மனச்சோர்வு மாத்திரையை நம்மவர்கள் வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறார்கள். மருந்துப் பெட்டி முழுவதையும் ஒரு பையில் போட்டு அப்படியே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். எதைச் சொல்வது, எதை விடுவது என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டியதில்லை.

முன்பு சொன்ன பெகுலிசியானினுக்கும் ஒவ்வாமை எச்சரிக்கை உண்டு. ஆய்வில் மருந்து பெற்ற 406 பேரில் 6 பேருக்கு அதைச் செலுத்துவதைப் பாதியில் நிறுத்த நேர்ந்தது. இருவருக்கு எதிர்விளைவு கடுமையாக இருந்தது. உரிய சிகிச்சையை உடனே அளிக்கக்கூடிய இடத்தில் மட்டுமே அதைப் போட வேண்டும் என்பது விதி.

லெனேசியா வாசகி: எனக்கு மார்பை முழுவதும் எடுத்துவிட்டு அதே நேரத்தில் மறு சீரமைப்பும் செய்யப்போகிறார்கள். அதிலும் இந்தப் பச்சைச் சாயம் பயன்படும் என்றார்களே, அங்கே அதற்கு என்ன வேலை?

பதில்: அங்கே அது இரத்த ஓட்டத்தைக் காட்டும். உள்ளிருக்கும் திசுவை எடுத்தபின் மிஞ்சும் தோலுக்கும், வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ கொண்டுவந்து வைக்கும் சதைக்கும் இரத்தம் சரியாகப் போய்ச் சேர்கிறதா என்பதை இரத்தக் குழாயில் சாயத்தைச் செலுத்தி ஓரிரு நிமிடங்களில் பார்த்துவிடலாம். இருட்டாகத் தெரியும் தோல் பின்னால் கறுத்து அழுகக்கூடும் என்பதால் அதை அப்போதே நீக்கிவிடுவார்கள், அல்லது சீரமைப்பை வேறு நாளுக்குத் தள்ளிவைப்பார்கள். நீங்கள் புகைபிடிப்பவராக இருந்தால் இன்றே நிறுத்துங்கள்; தோலின் இரத்த ஓட்டத்துக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை.

வெருலம் வாசகர்: இந்த ஒளி முறைகள் இங்கே கிடைக்குமா? மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பணம் தருமா? கிடைக்காவிட்டால் காத்திருந்து வெளிநாட்டுக்கு, சென்னைக்காவது, போய்ச் செய்துகொள்வது நல்லதா? என் மனைவிக்குக் கட்டி உறுதியாகி ஒரு மாதம் ஆகிறது.

பதில்: ஐயா, காத்திருக்க வேண்டாம். மற்றவற்றைப் பிறகு சொல்கிறேன்.

2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, புற்றுநோய் அறுவை சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் இறக்கும் வாய்ப்பு முன்பிருந்ததைவிட 6 முதல் 8 சதவீதம் வரை கூடுவதாகக் காட்டியது. ஒளிரும் கருவி உங்கள் மனைவிக்குத் தரக்கூடியது மறு அறுவையைத் தவிர்க்க ஒரு சிறு வாய்ப்பு. அதனால் ஆயுள் கூடும் என்று இதுவரை எந்த ஆய்வும் நிறுவவில்லை. அந்தச் சிறு வாய்ப்புக்காக மாதங்களை இழப்பது நட்டமான பேரம். ஆனால், மருத்துவர் அறுவைக்கு முன்னால் கீமோ மருந்துகளைக் கொடுத்துக் கட்டியைச் சுருக்க வேண்டும் என்றால், அது தாமதம் ஆகாது. சிகிச்சை அன்றே தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள்.

இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. கட்டியைக் கையால் உணர்ந்த பிறகும், புரட்டாசி முடியட்டும், காவடி முடியட்டும், பேத்தியின் திருமணம் முடியட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, தோல் புண்ணான பிறகு வரும் தாய்மாரை நம் சமூகத்தில் இன்னும் பார்க்கிறோம். அந்த நிலையில் எந்தச் சாயமும் எந்தக் கேமராவும் பெரிதாக உதவுவதில்லை.

கிடைப்பது பற்றிக் கேட்டீர்கள். இந்த நாட்டில் எந்த மருந்துக்கும் சாப்ரா எனப்படும் மருந்து ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு வேண்டும். பதிவாகாத மருந்தை ஒரு குறிப்பிட்ட நோயாளிக்குத் தர மருத்துவர் விரும்பினால், 1965ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்கீழ் தனி அனுமதி கோரலாம். ஐசிஜிக்கான கேமரா மார்பகத்துக்கென்றே இருப்பதல்ல; பித்தப்பை, குடல் அறுவைகளுக்கும் அதே வகைக் கேமராதான். ஆகவே மார்பகப் பிரிவில் இல்லையென்றாலும் அதே மருத்துவமனையின் வேறொரு அரங்கில் இருக்கக்கூடும். உங்கள் அறுவை மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டுப் பாருங்கள்.

மெடிக்கல் எய்ட் பற்றி: குணப்படுத்தக்கூடிய நிலையிலுள்ள புற்றுநோய்க்கான சிகிச்சை, எல்லாத் திட்டங்களும் கட்டாயமாக ஏற்க வேண்டிய குறைந்தபட்சப் பயன்களில் அடங்கும். ஆனால் அறுவை சிகிச்சையை ஏற்பது வேறு, அதில் பயன்படும் ஒவ்வொரு புதுக் கருவிக்கும் பணம் தருவது வேறு. ஆகவே முன்அனுமதிக் கடிதத்தில் சாயமும் கேமராவும் தனியே குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். இந்தத் திட்டங்களைக் கண்காணிக்கும் மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சிலில் முறையிடும் உரிமை உங்களுக்கு உண்டு. மெடிக்கல் எய்ட் இல்லாதவர்கள் அரசு மருத்துவமனையின் மார்பகப் பிரிவுக்குத் தயங்காமல் செல்லலாம். நீலச் சாயத்தைக் கொண்டு அனுபவமுள்ள கை செய்யும் அறுவை, புதுக் கருவியைக் கொண்டு அனுபவமில்லாத கை செய்வதைவிட மேல்.

சென்னையில் உறவினர் இருக்கிறார்கள், அங்கே போய்விடுவோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அறுவை ஒரு நாளில் முடிந்துவிடும். கதிரியக்கச் சிகிச்சை வாரக்கணக்கில் நடக்கும். ஹார்மோன் மாத்திரை ஐந்து ஆண்டுகளுக்கு மேலும் தொடரலாம். இவற்றையெல்லாம் ஒரே மருத்துவக் குழு தொடர்ந்து கவனிப்பதுதான் நல்லது. போவதென்றே முடிவு செய்தால், பயாப்ஸி என்னும் திசுச் சோதனையின் அறிக்கையோடு, திசுவைப் பதித்த மெழுகுக் கட்டையையும் திசுச் சீவல் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். திரும்பும்போது அங்கே செய்த அறுவையின் குறிப்பையும் நோய்க்கூறு அறிக்கையையும் கொண்டுவாருங்கள்.

டர்பன் வாசகி: வீட்டிலேயே மார்பின் மேல் வைத்துப் பார்க்கும் சிவப்பு விளக்குக் கருவி ஒன்றைத் தோழி வாங்கியிருக்கிறாள். அதுவும் இந்த வகைதானா? மேமோகிராமுக்குப் பதிலாக அது போதுமா?

பதில்: அந்த வகை அல்ல, அதில் சாயமும் இல்லை, சாயத்தின் ஒளியைப் பிரித்துப் பார்க்கும் கேமராவும் இல்லை. மேமோகிராமுக்கு அது ஈடாகாது. அதில் ஒன்றும் தெரியவில்லை என்று நிம்மதி அடைவதுதான் பெரிய ஆபத்து. மார்பில் கட்டியோ, தோலில் குழிவோ, காம்பு உள்ளிழுத்தலோ, காம்பிலிருந்து இரத்தக் கசிவோ இருந்தால், உங்கள் தோழி விளக்கை ஒதுக்கிவிட்டு இந்த வாரமே கிளினிக்குக்குப் போய், கையால் பரிசோதனை, மேமோகிராமோ அல்ட்ராசவுண்டோ, தேவைப்பட்டால் ஊசி பயாப்ஸி என்ற மூன்றையும் கேட்டுச் செய்துகொள்ளட்டும்.